காது ஓட்டை பெரிதாகிவிட்டதா? ஒட்டாதீர்கள், தைத்துவிடுங்கள்

எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் கல்யாண வீட்டில் ஐம்பது தாண்டிய பெண்களின் காதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நிறையப் பேருக்கு ஓட்டை நீளமாக இறங்கி, தோடு தரையைப் பார்த்தபடி தொங்கும். கல்தோடும் ஜிமிக்கியுமாகவே வளர்ந்தவர்கள், மாட்டல் போட்டு முடியில் செருகினால் எடை கொஞ்சம் குறையும், ஆனால் அதைத் தினமும் யார் போடுகிறார்கள்? அம்மாவுக்கு இடது மடலில் நூல் அளவு சதைதான் மிச்சமிருந்தது. பேரன் ஜிமிக்கியைப் பிடித்து இழுத்ததில் அதுவும் அறுந்து மடல் இரண்டாகப் பிளந்துவிட்டது.

"இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு கண்ணு, பார்லர்ல மருந்து வெச்சு ஒட்டறாங்களாமா" என்றார்.

இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். அறுந்த காதின் இரண்டு ஓரத்திலும் தோல் மூடி ஆறியிருக்கும். தோலும் தோலும் எத்தனை நாள் சேர்த்து வைத்தாலும் ஒட்டாது. அந்தத் தோலைப் பொசுக்கத்தான் பல இடங்களில் ஆசிட் வைக்கிறார்கள், கொஞ்சம் கூடிப்போனால் மடலே வெந்துவிடும்.

ஈரோட்டில் பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டினோம். மடலில் மரத்துப்போகிற ஊசி போட்டார், வலி என்றால் அதுதான். ஓரத்துத் தோலை மெல்லிசாகச் சீவி எடுத்து, சதையோடு சதை சேருகிற மாதிரி முன்னும் பின்னும் தலைமுடி போன்ற நைலான் நூலால் தைத்தார். அடி விளிம்பில் மட்டும் நேர்கோடாக விடாமல் 'இசட்' போல வெட்டிச் சேர்த்தார், நேராக விட்டால் தழும்பு சுருங்கி அங்கே பள்ளம் விழுமாம். வலது காது இன்னும் அறுந்திருக்கவில்லை, ஆனாலும் கையோடு அதையும் தைத்துக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம். தையல் பிரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அவ்வளவுதான்.

சர்க்கரை இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தழும்பு தடித்துப் புடைக்கிற உடம்பென்றால் கட்டாயம் சொல்லுங்கள், காது மடலில் அது அதிகம் வரும்.

அப்புறம், இந்த வயசில் அழகு எதற்கு என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். வெறுங்காதோடு சபைக்குப் போவதை எங்கள் அம்மாக்கள் மூளியாகப் போவதாகவே நினைக்கிறார்கள், எத்தனையோ சீருக்குப் போகாமலே இருந்துவிடுகிறார்கள். மறுபடி காது குத்த எப்படியும் இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும், அதுவும் தழும்பின் மேல் இல்லாமல் சற்றுத் தள்ளித்தான் குத்த வேண்டும். அதனால் ஆடி பிறந்ததும் தைத்துவிடுங்கள், ஐப்பசி முகூர்த்தத்துக்குத் தோடு ஏறிவிடும்.