அம்மாவோடு நாராவில் ஒரு பகல்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்திலிருந்து அப்பா அம்மாவை ஜப்பானுக்குக் கூட்டிப் போகிறவர்கள் ஒரு முழுப் பகலை நாராவுக்கு வைத்துவிடுங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டிலேயே காலம் கழித்த என் அம்மாவுக்கு, உயர உயரமான கட்டடங்களைவிட அந்தப் பழைய தலைநகரம்தான் மனசுக்கு நெருக்கமாக இருந்தது.

தம்பி ஒசாகாவில் வேலை பார்க்கிறான். நம்பா ஸ்டேஷனில் கின்தெட்சு ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் நாரா. வெளியே வந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால் மான்கள். ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. கயிறு கிடையாது, வேலி கிடையாது. ரோட்டைக் கடக்கின்றன, கடை வாசலில் நிற்கின்றன. மானுக்கென்றே 'ஷிக்கா சென்பே' என்று ஒரு பிஸ்கட் விற்கிறார்கள். அரிசித் தவிடும் மாவும் மட்டும்தான், சர்க்கரை இல்லை. அதைக் கையில் எடுத்ததும் மான் தலையைக் குனிந்து குனிந்து நிமிர்கிறது. அம்மா ஒவ்வொரு மானுக்கும் திருப்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள். பிஸ்கட்டை மறைத்து விளையாட்டுக் காட்டினால் சட்டையைக் கடித்து இழுக்கும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீர்ந்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் போய்விடும்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா தம்பியிடம் கேட்டார்கள்: "ஏன் சாமி, இத்தன மானு திரியுதே, வெள்ளாம வச்சவன் என்ன பண்ணுவான்?"

எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. யானை இறங்கிய ராத்திரிகளில் ராகிக்குக் காவல் இருந்தவர்களுக்குத்தான் அது தோன்றும். தம்பி உடனே போனில் தேடிப் படித்துச் சொன்னான். கசுகா கோயிலின் தெய்வம் வெள்ளை மான் மேல் ஏறி வந்தது என்று நம்பிக்கை, அதனால் மான்கள் அங்கே சாமியின் தூதர்கள். 1957இல் அரசும் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துக் காப்பாற்றுகிறது. ஆனால் பயிரில் இறங்கிப் பழகிய மான்களைப் பிடித்து அடைத்து வைக்க, 'ரோக்குஎன்' என்று ஒரு பட்டியும் அங்கேயே இருக்கிறது. "அப்படிச் சொல்லு" என்று அம்மா தலையாட்டினார்கள். சாமி மான் என்றாலும் விவசாயி பாடும் பாடுதானே.

அடுத்து தோதாய்ஜி கோயில். பதினைந்து மீட்டர் உயரத்துக்கு வெண்கலப் புத்தர். இப்போதுள்ள மண்டபம் 1709இல் கட்டி முடித்தது. முதல் மண்டபம் இதைவிட அகலமாம். மண்டபம் இரண்டு முறை போரில் எரிந்திருக்கிறது. தமிழர்கள் அங்கே கட்டாயம் நினைத்துக்கொள்ள வேண்டிய ஒருவர் போதிசேனர் என்ற பௌத்தத் துறவி. தென்னிந்தியர் என்றே ஜப்பானியர் குறித்து வைத்திருக்கிறார்கள். சீனா வழியாக 736இல் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். 752இல் இந்தப் புத்தருக்குத் தூரிகை பிடித்துக் கண் திறந்து வைத்தது அவர்தான். தூரிகையில் நீளமான கயிறு கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். சிலைக்குக் கண் திறப்பது என்றால் என்ன என்று அம்மாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இடத்தில் நின்று அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மண்டபத்துத் தூண் ஒன்றில் புத்தரின் மூக்குத் துவார அளவு என்று சொல்லப்படும் ஓட்டை உண்டு. மகள் நுழைந்து வெளியே வந்தாள்.

பசி வந்ததும் சன்ஜோ தெருவுக்குத் திரும்பினோம். நகதனிதோ என்ற மோச்சிக் கடை முன்னால் கூட்டம். வேகவைத்த பசையரிசியை உரலில் போட்டு ஒருவர் மரச் சுத்தியலால் இடிக்க, இன்னொருவர் அடிக்கும் அடிக்கும் நடுவில் கையை விட்டு மாவைப் புரட்டுகிறார். கண் சிமிட்டுவதற்குள் ஐந்தாறு அடி விழுகிறது. எல்லோரும் சுத்தியலைப் பார்க்க, அம்மா மட்டும் புரட்டுகிற கையையே பார்த்தார்கள். "உலக்கை போடறது பெரிசில்ல கண்ணு. உரலுக்குள்ள கை உடறா பாரு, அவளுக்குத்தான் தாளம் தெரியோணும்" என்றார்கள் என் மகளிடம்.

மோச்சி பச்சை நிறம். 'யொமோகி' தழை சேர்த்து இடிக்கிறார்கள். நம் பூக்கடை மரிக்கொழுந்தின் இனம்தான் அது. உள்ளே இனிப்புச் சிவப்புப் பயறு, மேலே வறுத்த சோயா மாவு. கையில் வாங்கும்போது இன்னும் சூடு ஆறவில்லை. அந்தப் பயணத்தில் நான் தின்றதிலேயே இதுதான் உசத்தி. ஆனால் நன்றாக ஒட்டும். வயதானவர்களுக்குச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கொடுங்கள், விழுங்கிய பிறகு அடுத்த வாய். அம்மாவுக்கு அப்படித்தான் கொடுத்தேன்.

பச்சை மீனென்றால் அம்மா தொடமாட்டார்கள். அவர்களுக்கு ஏற்றது 'காகினோஹா சுஷி': உப்பிட்டுப் பதப்படுத்திய கானாங்கெளுத்தித் துண்டைப் புளிப்புச் சோற்றின் மேல் வைத்து, சீமைப் பனிச்சை (பெர்சிமன் பழ மரம்) இலையில் மடித்து அழுத்துவது. நாராவும் நம்மைப்போல் கடல் இல்லாத ஊர். கடற்கரையிலிருந்து மலை தாண்டி வந்த உப்பு மீனிலிருந்து பிறந்த சாப்பாடு இது. இலையைத் தின்னக் கூடாது, பிரித்துப் போட்டுவிட வேண்டும். மான்கள் நடுவில் பொட்டலத்தைத் திறக்காதீர்கள். நாங்கள் ஸ்டேஷன் பக்கம் வந்துதான் பிரித்தோம். ஒசாகாவுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், ஃபிரிட்ஜில் வைத்தால் சோறு விறைத்துப்போகும்.