சோறு இல்லாத தட்டில் எவ்வளவு வைப்பது?

சில உணவுகளைக் கொஞ்ச நாள் அடியோடு நிறுத்திப் பார்க்கும் விலக்கு உணவுமுறை ஒன்றைத் தொடங்கப் போகிறேன் என்று சொல்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது என்பதைத்தான். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. உணவுமுறை என்றாலே குறைத்துச் சாப்பிடுவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருப்பதால், அந்தக் கேள்விக்கு விடை தெரியும் என்றே இருந்துவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில், பாதியில் விட்டவர்களில் பலர் விலக்கிய பொருளின் மேல் ஆசைப்பட்டு விட்டவர்கள் அல்லர். தட்டில் போதிய உணவு இல்லாமல், மாலை நான்கு மணிக்குத் தலை கிறுகிறுத்து, இதெல்லாம் நம் உடம்புக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டியவர்கள்.

நான் கடைப்பிடித்தது ஹோல்30. அமெரிக்காவில் மெலிசா ஹார்ட்விக், டல்லஸ் ஹார்ட்விக் இருவரும் 2009இல் தொடங்கிய இம்முறையில், 30 நாள்களுக்குச் சர்க்கரை, மது, தானியங்கள், பருப்பு பயறு வகைகள், பால் பொருள்கள் அனைத்தும் விலக்கு. தேனும் வெல்லமும் கருப்பட்டியும்கூடச் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, கிழங்கு, பழம், தேங்காய், கொட்டைகள், நெய் ஆகியவை உண்டு. 30 நாள் முடியும் வரை எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறக் கூடாது. உணவை நிறுத்துக் கலோரி எண்ணவும் கூடாது. சான்று போதாது, தேவையில்லாமல் பலவற்றை ஒதுக்குகிறது என்று உணவியல் வல்லுநர்கள் இதைக் குறை கூறுவதுண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஓர் உணவை நிறுத்திப் பார்த்து, பிறகு திரும்பச் சேர்த்துப் பார்த்து, உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனிக்கும் வழி மருத்துவத்தில் பழையது. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ஆல்பர்ட் ரோ என்ற மருத்துவர் 1920களிலேயே ஒவ்வாமை நோயாளிகளுக்கு இத்தகைய உணவுத் திட்டங்களை வகுத்துக் கொடுத்திருக்கிறார்.

இதை ஒரு சோதனையாக எடுத்துக்கொண்டால்தான் அளவு ஏன் முக்கியம் என்பது விளங்கும். பாலையும் பருப்பையும் நிறுத்திய அதே வாரத்தில் மொத்தச் சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்துவிட்டால், உடம்பில் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்துவிடுகிறோம். வயிற்று உப்புசம் குறைந்தால் அது பால் இல்லாததாலா, வயிற்றில் ஒன்றுமே இல்லாததாலா என்று யாரால் சொல்ல முடியும்? சோர்வு வந்தால் அது சர்க்கரையை விட்டதாலா, அரைப்பட்டினியாலா? முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ இறங்கிவிட்டது என்று மகிழ்பவர்களும் உண்டு. மாவுச்சத்து குறையும்போது ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்திருக்கும் மாவுச்சத்து கரைகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருப்பதால் அதுவும் வெளியேறுகிறது. அந்த இறக்கத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். எடை இயந்திரத்தை ஒளித்துவை என்ற விதி எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவே காரணம்.

நம் பக்கத்தில் சாப்பாட்டின் அளவு முழுக்கச் சோற்றை வைத்தே தீர்மானமாகிறது. எத்தனை கரண்டி சோறு, எத்தனை இட்லி என்பதுதான் கணக்கு. மீனும், தேங்காய்த் துருவல் போட்ட பொரியலான துவரனும் அதற்குத் துணைக்கு வருபவை. எங்கள் வீடு நாகர்கோவிலில். நான் இதைத் தொடங்கியபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "சோறு திங்காம எப்படி மக்களே வயிறு நெறயும்?" பழைய தலைமுறையின் பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அம்மா கேட்டது சரியான கேள்வி. ஒரு கப் வெந்த சோற்றில் சுமார் 200 கலோரி உண்டு. மதியம் இரண்டு கப் சோறு சாப்பிட்டுப் பழகியவர் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கப் வெந்த முட்டைக்கோஸை வைத்தால் கிடைப்பது 70 கலோரியைத் தாண்டாது. தட்டு நிறைந்திருக்கும், வயிறும் நிறையும். ஆனால் வயிறு விரிவதால் வரும் நிறைவு நெடுநேரம் நிற்பதில்லை. புரதமும் கொழுப்பும் குடலுக்குள் இறங்கும்போது சுரக்கும் கோலசிஸ்டோகைனின் போன்ற ஹார்மோன்கள்தான் இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைத்துப் பசியை அடக்கி வைக்கின்றன. வெறும் காயைக் குவித்துச் சாப்பிட்டவர் இரண்டு மணி நேரத்தில் சமையலறைப் பக்கம் நடமாடத் தொடங்குவது அதனால்தான்.

சோற்றோடு பருப்பும் தயிரும் பாலும் சேர்ந்து போகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் வேண்டும்; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020இல் வெளியிட்ட பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம். நம்மில் பலருக்கு அதில் நல்ல பங்கு சாம்பாரிலிருந்தும் தயிரிலிருந்தும் இட்லியிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. அந்த மூன்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, வழக்கம்போல் ஒரு துண்டு மீனோடு எழுந்துவிட்டால் கணக்கு எங்கே ஒத்துவரும்?

இம்முறை சொல்லும் அளவுகோல் கைதான். வேளைக்கு ஒன்று முதல் இரண்டு உள்ளங்கை அளவு இறைச்சி அல்லது மீன். விரல்களைச் சேர்க்காமல், உள்ளங்கையின் அகலமும் கனமும் மட்டும். முட்டையானால் ஒரு கையில் எத்தனை பிடிக்க முடியுமோ அத்தனை, அதாவது மூன்று அல்லது நான்கு. எண்ணெயோ நெய்யோ கட்டைவிரல் அளவில் ஒன்று முதல் இரண்டு. கொட்டைகள் மூடிய கைப்பிடி ஒன்றுக்கு மேல் வேண்டாம். தட்டில் மிச்சமிருக்கும் இடமெல்லாம் காய்கறி. தராசு இல்லாமலே ஆளுக்கேற்ற அளவு கிடைக்கிறது என்பது இதன் நல்ல அம்சம். பெரிய உடம்புக்குப் பெரும்பாலும் பெரிய கைதான் இருக்கும். ஆனால் இந்த அளவுகோல் எலும்பில்லாத கோழித் துண்டையும் சால்மன் துண்டையும் மனத்தில் வைத்துச் சொன்னது. சாளையையும் அயிலையையும் அப்படியே கையில் வைத்து அளந்தால் ஏமாந்துவிடுவோம். தலை, முள், வால் எல்லாம் போக மிஞ்சும் சதையைத்தான் உள்ளங்கையோடு ஒப்பிட வேண்டும். மட்டன் குழம்பிலும் எலும்புக்கு இதே கதை. நடுத்தர அளவிலான அயிலை இரண்டு இருந்தால்தான் எனக்கு ஒரு வேளைக்கு மனம் ஒப்புகிறது.

கொழுப்புக் கணக்கில் நம் சமையல் இன்னொரு குழப்பத்தைத் தருகிறது. தேங்காய் அரைத்த மீன் குழம்பில் கொழுப்பு கரைந்து கிடக்கிறது. துவரனில் துருவலாகக் கிடக்கிறது. அரை மூடித் தேங்காய் அரைத்த குழம்பை நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு வருவது எவ்வளவு என்று ஒருமுறை யோசித்துக்கொண்டால் போதும், தினமும் யோசிக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட குழம்பு இருக்கும் நாளில் மேலே நெய் தேவைப்படாது. மாறாக வறுவலும் வேகவைத்த காயும் மட்டும் இருக்கும் நாளில் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ சேர்க்கத் தயங்கக் கூடாது. கொழுப்புக்குப் பயந்து எண்ணெயையும் குறைத்து, மாவுச்சத்தையும் குறைத்தால், உடம்புக்கு எரிபொருள் எங்கிருந்து வரும்? கூடிப்போவதற்கு வாய்ப்புள்ள ஒரே இடம் முந்திரி டப்பாதான். 30 கிராம் முந்திரியில் 160 கலோரிக்கு மேல் உண்டு. தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்த 30 கிராம் இரண்டு நிமிடத்துக்குக் காணாது.

கிழங்கை விலக்க வேண்டியதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தானியம் கூடாது என்றதும் மாவுச்சத்தே கூடாது என்று எடுத்துக்கொண்டு, கீரையும் வெள்ளரிக்காயுமாக நாளை ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். 100 கிராம் மரச்சீனிக் கிழங்கில், அதாவது மரவள்ளியில், சுமார் 160 கலோரி, சர்க்கரைவள்ளியில் சுமார் 86, வெள்ளரிக்காயில் 15தான். சேனையும் சேம்பும் நேந்திரங்காயும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு, மாவுச்சத்துக்கு என்ன செய்வது என்று தவிப்பதற்கு அவசியமே இல்லை. என் மதியத் தட்டு பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது: அயிலைக் குழம்பு, முருங்கைக்கீரைத் துவரன், கூடவே விரல் நீளத்துக்கு நறுக்கி வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு நாலைந்து துண்டு. கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். அதிலுள்ள சயனைடு தரும் பொருள்களில் ஒரு பகுதி அதோடு போய்விடும். எங்கள் ஊரில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வெளியூர் வாசகர்களுக்காக எழுதுகிறேன். உடலுழைப்பு உள்ளவர்கள் கிழங்கைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நாள் முழுதும் நாற்காலியில் இருக்கும் எனக்கு மதியத்துக்கு மட்டும் போதுமாக இருந்தது. என் தங்கை பள்ளியில் நாள் முழுதும் நின்று பாடம் நடத்துகிறவள், அவளுக்குக் காலையிலும் சர்க்கரைவள்ளி தேவைப்பட்டது.

போதுமா என்பதற்குத் தட்டைப் பார்த்துச் சொல்லும் விடை பாதிதான். மீதி விடையைக் கடிகாரம் சொல்லும். சாப்பிட்ட பின் நான்கு, ஐந்து மணி நேரம் உணவைப் பற்றிய நினைப்பே இல்லாமல் வேலை ஓடினால் அளவு சரி. மூன்று மணி நேரத்தில் பசித்தால் அடுத்த வேளையில் புரதத்தையோ கொழுப்பையோ கூட்ட வேண்டும். முதலில் புரதத்தைக் கூட்டிப் பார்ப்பது என் வழக்கம். இடையில் வருவது பசிதானா என்று சந்தேகம் வந்தால், இரண்டு அவித்த முட்டையை யாராவது நீட்டினால் வாங்கிச் சாப்பிடுவோமா என்று கேட்டுக்கொள்ளலாம். முட்டை வேண்டாம், பேரீச்சம்பழம் இருந்தால் தேவலாம் என்று மனம் சொன்னால் அதற்குப் பெயர் பசி இல்லை.

இந்த நான்கு, ஐந்து மணி நேரக் கணக்கு நம் வீட்டுக் கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் மாலை ஆறு மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுகிறவர்களுக்கு மூன்று வேளை போதும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டு, இரவு ஒன்பதுக்கு மறுபடி உட்காரும் வீட்டில் இடைவெளி எட்டு மணி நேரம். அதை நிரப்பத்தான் இதுவரை நான்கு மணித் தேநீரும் வடையும் இருந்தன. இடையில் கொறிக்காதே என்ற விதியை இங்கே அப்படியே பிடித்துக்கொண்டிருப்பது வீம்பு. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவர முடிந்தால் நல்லது. முடியாத வீடுகளில், மாலையில் இரண்டு முட்டையும் தேங்காய்க் கீற்றுமாக ஒரு சிறிய நான்காவது வேளையை வைத்துக்கொள்வதை நான் தவறாகக் கருதவில்லை.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மூன்று வேளைக் கணக்கைப் பார்க்கவே வேண்டாம். முதலில் மருத்துவரைக் கேட்டு, பசித்தபோதெல்லாம் சாப்பிட வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றை நிறுத்தவே கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்றபடி இருப்பதால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். முட்டையும் உண்ணாத சைவர்களுக்குப் பருப்பை விலக்கிய பின் புரதத்துக்கு வழியில்லை. பருப்பை அனுமதிக்கும் தாவர உணவுப் பதிப்பு ஒன்று இதே முறையில் இருக்கிறது, அதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும்.

30 நாள் முடிந்து, விலக்கியவற்றைத் திரும்பச் சேர்க்கும்போதும் இதே அளவுப் பிரச்சினை வருகிறது. சோறு திரும்பி வந்த மகிழ்ச்சியில் மீனைப் பாதியாக்கிவிட்டால் மறுபடியும் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நடக்கின்றன. கிழங்கு இருந்த இடத்தில் மட்டும் சோற்றை வைத்துவிட்டு, தட்டின் மற்ற பகுதியை முந்தைய நாளைப் போலவே வைத்திருக்க வேண்டும். ஒரு பிடிச் சோற்றோடு நிறுத்திக்கொள்வதும் பயன்படாது. வழக்கமாகச் சாப்பிடும் அளவையே அன்று இரண்டு வேளை சாப்பிட்டு, பிறகு இரண்டு மூன்று நாள் பழைய தட்டுக்குத் திரும்பிக் கவனித்தால்தான் ஏதாவது தெரியும். வரிசையில் பருப்பு முதலில், கோதுமை அல்லாத தானியங்கள் அடுத்து, பால் அதற்கடுத்து, கோதுமை கடைசியில். இந்த வரிசையில் இட்லிக்கு இடமே இல்லை, ஏனென்றால் அதில் உளுந்தும் அரிசியும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே முதலில் உளுந்தங்கஞ்சியையோ வெறும் பருப்பையோ ஒரு நாள் பார்த்து, இடைவெளி விட்டு வெறும் சோற்றை இன்னொரு நாள் பார்த்து, இரண்டிலும் தொந்தரவு இல்லை என்றான பிறகே இட்லிப் பானையை இறக்க வேண்டும். சாம்பாரை அதற்குப் பிறகும் கொஞ்சம் தள்ளிப்போடலாம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும்.