சவரிமுத்து என்கிற பெயர்

2024 நவம்பர் 22, வெள்ளி

ஞானஸ்நான அழைப்பிதழ் அடிக்க வருகிறவர்களிடம் குழந்தையின் பெயரை மட்டும் என் கண் முன்னே அவர்கள் கையாலேயே எழுதித் தரச் சொல்வேன். அஜின், சஜின், ஜெபின், ஜெவின், ஷெபின். நாகர்கோவிலில் அச்சகம் நடத்துகிறவனுக்கு ஓர் எழுத்து பிசகினால் பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

இன்று அந்தப் பிரச்சினை எங்கள் வீட்டுக்கே வந்தது. அண்ணன் மகனுக்குப் பையன் பிறந்திருக்கிறான். டிசம்பர் 8, மாதா திருநாளன்று ஞானஸ்நானம். எங்கள் தாத்தாவின் பெயரை வைக்க வேண்டும் என்கிறார் அண்ணன். மருமகள் ஜெவின் என்று முடிவு செய்துவிட்டாள். தாத்தாவின் பெயரைத் தாங்கி ஐம்பது வருடத்துக்கு மேல் நடமாடிக்கொண்டிருப்பவன் நான் என்பதால் இரு தரப்பும் என்னைச் சாட்சிக்கு அழைக்கிறது. என் பெயர் சவரிமுத்து.

2024 நவம்பர் 24, ஞாயிறு

என் பெயருக்கு மூலமான புனித பிரான்சிஸ்கு சவேரியாரின் கோட்டாறு கோவிலில் இன்று கொடியேற்றம். கூட்டம் சாலை வரை நின்றது.

திரும்பி வரும்போது மருமகள் கேட்டாள்: “சின்ன மாமா, பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நீங்கள் சந்தோஷமாகவா இருந்தீர்கள்?” பொய் சொல்ல வாய் வரவில்லை. வகுப்பில் என்னைச் ‘சவரம்’ என்றார்கள். கொஞ்சம் கற்பனை உள்ளவர்கள் ‘சவாரி’ என்று சொல்லி முதுகில் ஏறினார்கள். பெண்பிள்ளைகளுக்குச் சவுரி முடிதான் நினைவுக்கு வந்தது. போதாக்குறைக்கு, ஓர் அலுவலகத்தில் ‘சபரிமுத்து’ என்று எழுதிக் கொடுத்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. கார்த்திகை மாதத்தில் அந்த அட்டையை நீட்டினால், “சாமி இந்த வருடம் மாலை போடவில்லையா?” என்று விசாரிப்பவர்கள் உண்டு. நானும் “அடுத்த வருடம்” என்று சொல்லிவிடுவேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் நவார் வரைக்கும் போக வேண்டும்.

2024 நவம்பர் 26, செவ்வாய்

போய்த்தான் பார்ப்போம். நவார் என்பது ஸ்பெயினின் வடக்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் முன்பு தனி அரசாக இருந்த நாடு. அங்கே ஒரு கோட்டை வீடு. அந்தப் பக்கத்துப் பாஸ்க் மொழியில் ‘எட்சே’ என்றால் வீடு, ‘பெர்ரி’ என்றால் புதிது. எட்சபெர்ரி என்ற இடப்பெயர் தேய்ந்து ஷபியேர் ஆயிற்று. 1506 ஏப்ரல் 7 அன்று அங்கே பிறந்த பிரான்சிஸ்கு சவேரியாருக்கு அந்தக் கோட்டை தாய்வழிச் சொத்து. ஆக, உலகம் முழுவதும் பரவிய அந்தப் பெயர் அவருடைய அம்மா வீட்டுப் பெயர். இதை அண்ணனிடம் சொன்னபோது அவருக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. தந்தைவழி, பேரன், வம்சம் என்று பேசிக்கொண்டிருந்த வேகம் கொஞ்சம் குறைந்தது.

நவாரைக் காஸ்தீல் அரசு பிடித்துக்கொண்ட பிறகு, 1516இல், அந்தப் புது வீட்டின் கோபுரங்களை இடித்துத் தள்ளினார்கள். பிள்ளைக்கு அப்போது பத்து வயது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது உச்சரிப்புதான். அந்தக் காலத்தில் பெயரின் முதலெழுத்தை அங்கே ‘ஷ’ என்றுதான் ஒலித்தார்கள். பின்னாளில் ஸ்பானியர் அதைத் தொண்டைக்குள் தள்ளி ‘ஹவியேர்’ ஆக்கிவிட்டார்கள். ஆங்கிலக்காரர் வாயில் ‘ஸேவியர்’. போர்த்துகீசியர் மட்டும் ஷகரத்தை விடவில்லை. அவர்களிடமிருந்து அதைக் காதால் வாங்கியது முத்துக்குளித்துறை என்ற தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை. தமிழ் நாக்கில் ஷகரம் சகரமாகி, சவேரி, சவரி என்று உட்கார்ந்துவிட்டது. இன்று ‘சேவியர்’ என்று வைத்தால்தான் கௌரவம் என்று நினைக்கிறார்கள். ஆனால் நம் பாட்டிமார் சொன்ன சவரிதான் பிறந்த இடத்து ஒலிக்கு அருகில் இருக்கிறது. மருமகளிடம் இதைச் சொன்னேன். “நல்ல விஷயம் சின்ன மாமா” என்றாள். ஜெவினில் மாற்றமில்லை.

2024 நவம்பர் 29, வெள்ளி

இன்று முழுக்கப் பாட்டி நினைவு. கணவன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அந்தத் தலைமுறையின் சட்டம். தாத்தா சவரிமுத்து. ஆகவே பாட்டிக்குச் சவரியும் கிடையாது, முத்தும் கிடையாது. சவேரியாரைக் ‘கோட்டாறு சாமி’ என்பாள். கல்யாணத்துக்குத் தலை பின்னும்போது சவுரி தேவைப்பட்டால், “அந்த வைத்துக் கட்டுகிற முடியை எடு” என்பாள். யாருக்காவது அம்மை முத்துப் போட்டிருந்தால் ‘மேலெல்லாம் மணி’. முத்துமாலை அவள் வாயில் வெள்ளை மாலை. ஜெபமாலை சொல்லிவிட்டுப் புனிதர்களை வரிசையாக வேண்டும்போது பிரான்சிஸ்கு சவேரியார் வரும் இடத்தில் மட்டும் குரல் இறங்கி ஒரு முணுமுணுப்பு கேட்கும். விண்ணகத்துக்குக் கேட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

அப்படிப்பட்டவள் மடியில் அதே பெயரோடு நான். என்னை ‘பெரியவரே’ என்றுதான் கூப்பிடுவாள். பால் குடிக்கிற பிள்ளைக்கு அவ்வளவு மரியாதை. அடிக்கக் கை ஓங்கினாலும் “இங்கே வாருங்கள் பெரியவரே” என்று அழைத்துத்தான் அடிப்பாள். பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானத்துக்கெல்லாம் வீட்டில் வட்டியோடு கிடைத்துக்கொண்டிருந்தது. தாத்தா செத்த பிறகாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தோம். இல்லை.

பெயரே சொல்லாமல் அறுபது வருடம் குடும்பம் நடத்தியவள் அந்தப் பெயரை எனக்கு வைத்தே ஆக வேண்டும் என்று அப்பாவிடம் பிடிவாதம் பிடித்தாளாம். இது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

2024 டிசம்பர் 1, ஞாயிறு

அண்ணன் வீட்டில் மறுபடியும் விவாதம். புனிதர்களின் பெயர்களில் சிலவற்றை நம் முன்னோர் ஒலியோடு வாங்கினார்கள்: இன்னாசி, சந்தியாகு, சூசை. சிலவற்றைப் பொருளோடு வாங்கினார்கள். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர் என்பதால் சின்னப்பர். யோவான் என்றால் கடவுளின் அருள், ஆகவே அருளப்பர். 1995இல் பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் வந்த பிறகு கோவிலில் யோவானும் பவுலும் திரும்பிவிட்டார்கள். அருளப்பனும் சின்னப்பனும் மனிதர்களின் பெயராக மட்டும் நிற்கிறார்கள். நல்லவேளை, சவேரியாரை யாரும் பொருளோடு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நான் புதுவீட்டுமுத்து.

அந்த ‘முத்து’ நம்முடையது. மாரிமுத்து, பிச்சைமுத்து, இன்னாசிமுத்து, அந்தோணிமுத்து எல்லோருக்கும் பொதுவான வால் அது. சவரிராயன், சவரிநாதன், சவரியப்பன், சவரியம்மாள் என்று வேறு வால்களும் உண்டு. வெளியூர்ச் சாமியை வீட்டுப்பிள்ளையாக்க ஒரு முத்து போதும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

மருமகள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “என் ஞானப்பெயர் வியாகுலமேரி. வியாகுல மாதா என்று கோவிலில் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அர்த்தம் கேட்டார்கள். துக்கம் என்று சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ‘இன்றைக்குச் சந்தோஷமா?’ என்று கேட்டே கொன்றார்கள். என் பிள்ளைக்கு அர்த்தமே இல்லாத பெயர் இருக்கட்டும்.”

ஜெவினுக்கு இதைவிட நல்ல வாதம் இருக்க முடியாது. அண்ணன் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

2024 டிசம்பர் 3, செவ்வாய்

திருநாள். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, அச்சகத்தையும் பூட்டிவிட்டேன். 1552இல் இதே தேதியில் சீனக் கரையோரம் சாங்சுவான் தீவில் அவர் இறந்தார். தேரில் உப்பும் நல்லமிளகும் போட்டு வேண்டுகிறவர்கள், பின்னால் கும்பிடு நமஸ்காரம் செய்து வருகிறவர்கள். நெற்றியில் குங்குமம் இட்டவர்களும் இதில் பாதி. உடலை வைத்திருக்கும் கோவாவிலும் இப்போது கூட்டம். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் காட்சி அங்கே நவம்பர் 21 அன்று தொடங்கி ஜனவரி 5 வரை போகிறது. எதிர்வீட்டுக்காரர் கொங்கண் ரயிலில் போய் வந்து, வரிசையில் நின்ற கதையை விஸ்தாரமாகச் சொன்னார்.

தேர் நகர்வதைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. 1542இல் இந்தக் கரைக்கு வந்தபோது அவர் சவேரியார் இல்லை. கடிதங்களில் பிரான்சிஸ்கோ என்றுதான் கையெழுத்து. போர்த்துகீசியர் ‘மெஸ்த்ரே பிரான்சிஸ்கோ’ என்று அழைத்தார்கள். மெஸ்த்ரே என்றால் வாத்தியார், பாரிஸில் படித்த பட்டம். மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மனப்பாடம் செய்த மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தவர் அந்த வாத்தியார்தான். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544 கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்கும் சவரி என்று பெயர் இருந்திருக்காது. 1622இல் புனிதர் பட்டம் கிடைத்த பிறகுதான் அம்மா வீட்டுப் பெயர் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயரானது.

2024 டிசம்பர் 5, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழில் ஜெவின். கோவில் பதிவேட்டில் பிரான்சிஸ் சவேரியார். அண்ணனுக்கு ‘முத்து’ போன வருத்தம். மருமகள் அழைப்பிதழ் வாசகத்தை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். இரண்டு பெயரும் இருந்தன, சவேரியார் அடைப்புக்குறிக்குள். அடைப்புக்குறியை எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் கோத்து மெய்ப்பு அனுப்பினேன். “சரி சின்ன மாமா, ஆனால் ஜெவின் முதலில் வரட்டும்” என்று பதில் வந்தது. வரட்டும். முந்நூறு அட்டை கேட்டிருக்கிறார்கள். தந்த நிறக் காகிதம் இருநூறுக்குத்தான் இருக்கிறது. மீதிக்கு நாளை காலை மீனாட்சிபுரம் போக வேண்டும்.