சிறிய பிஸ்டல் ஏன் அடிக்கடி சிக்குகிறது

கால்சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் சிறிய பிஸ்டல்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அவை சுடும்போது சிக்கிக்கொள்ளும் என்ற குறையும் கூடவே வந்துவிடுகிறது. மலிவாகச் செய்த பொருள் அப்படித்தான் இருக்கும் என்று பலர் அதற்கு ஒரே வரியில் விளக்கம் சொல்லிவிடுகிறார்கள். பழைய இயந்திரங்களின் உள்ளமைப்பைப் படித்துப் பார்ப்பதில் ஈடுபாடு கொண்டவன் என்ற முறையில், அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. நல்ல எஃகில், தேர்ந்த கைகள் செய்த விலை மிகுந்த சிறிய பிஸ்டல்களும் சிக்கத்தான் செய்கின்றன. அளவைக் குறைத்ததிலேயே அந்தக் குறையின் வேர் இருக்கிறது.

தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் எந்தப் பிஸ்டலிலும், குண்டு வெளியேறியவுடன் மேற்பகுதியான ஸ்லைடு பின்னோக்கிப் பாய்ந்து, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, முன்னோக்கித் திரும்பும் வழியில் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போகிறது. பெரிய பிஸ்டலில் ஸ்லைடு கனமாக இருப்பதால் அது நிதானமாக நகர்கிறது. தோட்டாவின் நீளத்தைத் தாண்டிப் பின்னே செல்லவும் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. சிறியதில் ஸ்லைடு இலேசாகவும் ஓட்டம் குறுகியதாகவும் இருக்கவே, கைப்பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியான மேகசினின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே உயர்த்துவதற்குள் ஸ்லைடு திரும்பி வந்துவிடக்கூடும். பிடித்திருக்கும் கை தளர்ந்து பிஸ்டல் முழுவதுமே பின்னே போய்விட்டால், ஸ்லைடின் ஓட்டம் மேலும் குறைகிறது. இரண்டே விரல்கள் பற்றும் கைப்பிடியில் கை தளர்வது எளிது என்பதால், சுடுபவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

இவற்றையெல்லாம் விட என்னை ஈர்த்தது 7.65 மில்லிமீட்டர் தோட்டாவின் கதை. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துக்காக ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1899 வாக்கில் வெளிவந்த இந்தத் தோட்டாவின் அடியில் ஒரு சிறிய விளிம்பு உண்டு. உடலின் அடிப்பகுதி சுமார் 8.55 மில்லிமீட்டர், விளிம்பு சுமார் 9.1 மில்லிமீட்டர், ஆக, விளிம்பு சுற்றிலும் கால் மில்லிமீட்டர் அளவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டா குழலுக்குள் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அந்த விளிம்பே தீர்மானிக்கிறது. இந்தியாவில் உரிமத்தின்பேரில் பொதுமக்கள் வாங்கும் .32 பிஸ்டல்களில் இடப்படுவதும் இதே தோட்டாதான்.

தோட்டாவின் மொத்த நீளம் அதிகபட்சமாக 25 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்று வைத்து மேகசின்கள் செய்யப்பட்டன. முழுதும் உலோகம் போர்த்த பழைய வட்டமுனைக் குண்டுகள் ஏறத்தாழ அந்த இடத்தை நிரப்பிவிட்டதால் பெரிய தொல்லை எழவில்லை. பிற்காலத்தில் வந்த குழிமுனைக் குண்டுகளோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குட்டையானவை. அவை மேகசினுக்குள் முன்னும் பின்னும் நகர இடம் கிடைத்துவிட்டது. பின்னதிர்வில் மேல் தோட்டா சற்றுப் பின்னே நழுவி, அதன் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் இறங்கிவிட்டால், கூரையில் ஓட்டோடு ஓடு மாட்டிக்கொள்வதுபோல இரண்டும் கோத்துக்கொள்கின்றன. அதன்பின் ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் மேல் தோட்டா முன்னே போகாது. மற்றச் சிக்கல்கள் பலவற்றில் ஸ்லைடை ஒருமுறை இழுத்துவிட்டால் போதும். இதில் மேகசினைக் கழற்றித் தோட்டாக்களை நெம்பிப் பிரித்தாக வேண்டும்.

அமெரிக்காவின் கெல்-டெக் நிறுவனம் 1999இல் கொண்டுவந்த பி-32 பிஸ்டலின் எடை 190 கிராமுக்கும் குறைவு. அதில் குட்டைத் தோட்டாக்களை இடுவோர், மேகசினுக்குள் மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை வைத்து இடைவெளியை அடைப்பதுண்டு. இதற்கு நேர்மாறானது சீகாம்ப் என்ற சிறிய நிறுவனத்தின் .32 பிஸ்டல். குட்டையான வின்செஸ்டர் சில்வர்டிப் தோட்டாவை அளவுகோலாக வைத்தே அது வடிவமைக்கப்பட்டதால், நீண்ட வட்டமுனைத் தோட்டா அதன் மேகசினுக்குள் நுழையவே நுழையாது. ஒரே பெயரில் விற்கும் தோட்டாவில் ஒரு பிஸ்டலுக்கு உகந்தது மற்றதற்கு ஆகாது. எனவே எந்தத் தோட்டாவைக் கொண்டு சுட்டார்கள் என்று சொல்லாமல் ஒரு பிஸ்டலை நம்பகமானது என்றோ நம்பத் தகாதது என்றோ எழுதும் மதிப்புரைகளை நான் பொருட்படுத்துவதில்லை.

மலிவின் பங்கையும் மறுப்பதற்கில்லை. அமெரிக்கா 1968இல் இயற்றிய ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் சிறிய பிஸ்டல்களின் இறக்குமதியைத் தடுத்தது. மொத்த உயரம் போதாமல், தேர்ந்த வடிவமைப்புள்ள ஜெர்மன் பிஸ்டலான வால்தர் பிபிகே கூட அதில் விழுந்தது. உள்நாட்டு உற்பத்திக்கு அந்தத் தடை இல்லாததால், துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்த ரேவன் போன்ற பிஸ்டல்கள் கலிபோர்னியாவிலிருந்து சந்தையை நிரப்பின. வடிவமைப்புத் திறமையை வெளியே நிறுத்தி, வார்ப்பு மலிவை உள்ளே வரவேற்ற சட்டம் என்றே அதைச் சொல்லத் தோன்றுகிறது.

பெரெட்டா 950 வகையில் வெற்றுக் கூட்டைக் கொக்கிபோட்டு இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரே கிடையாது. வெடிப்பின் அழுத்தமே கூட்டைப் பின்னே தள்ளிவிடுகிறது. உடைவதற்கு ஒரு பாகம் குறைவு என்பது அதன் நன்மை. ஆனால் வெடிக்காத தோட்டாவை ஸ்லைடை இழுத்து அகற்ற முடியாது; குழலின் பின்முனையை மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும்.

அளவைக் குறைப்பதன் எல்லை என்று ரோர்பா ஆர்9 என்ற பிஸ்டலை நான் கருதுகிறேன். இராணுவங்கள் பயன்படுத்தும் முழு ஆற்றலுள்ள 9 மில்லிமீட்டர் தோட்டாவை ஏறத்தாழ 380 கிராம் எடைக்குள் அடக்கிய அது, மிகுந்த கவனத்தோடு செய்யப்பட்டது, மலிவானதும் அன்று. ஆயினும் ஸ்லைடை முன்னே தள்ளும் அதன் ஸ்பிரிங்கை ஏறக்குறைய 200 தோட்டாக்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தயாரித்தவர்களே அறிவுறுத்தினார்கள். பிஸ்டலின் போக்கைக் கையில் பழக்கிக்கொள்ள அதைவிடக் கூடுதலாகவே சுட வேண்டியிருக்கும். பழகி முடிப்பதற்குள் ஸ்பிரிங் மாற்றும் வேளை வந்துவிடும்.