டியூபிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்: அரசு நிதியில் ஒரு குழந்தை ரத்தசோகை ஆய்வு

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் ஆறு மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. 2016–18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் சுமார் 41 சதவீதம் என்றது. வயது வரம்பு கொஞ்சம் வேறு, ஆண்டும் வேறு. ஆனாலும் இவ்வளவு இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணம் ரத்தம் எடுத்த இடம். முதல் கணக்கெடுப்பு விரல் நுனியில் குத்தியது. இரண்டாவது, கையின் சிரையிலிருந்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியது.

ஐசிஎம்ஆருக்கோ (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) உயிரித் தொழில்நுட்பத் துறைக்கோ ரத்தசோகை ஆய்வுக்கு விண்ணப்பம் எழுத உட்காருபவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான்: ரத்தம் விரலிலிருந்தா, சிரையிலிருந்தா. ஆட்கள், வண்டி, குளிர்பெட்டி, நெறிமுறைக் குழு கேட்கப்போகும் கேள்விகள், பட்ஜெட்டின் மொத்தத் தொகை எல்லாமே ரத்தம் சேகரிக்கும் அந்த டியூபிலிருந்துதான் பின்னோக்கி வரும். பட்ஜெட்டை முதலில் எழுதிவிட்டு அதற்குள் ரத்தத்தைத் திணிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்படிச் செய்தால் ஆறாவது மாதத்தில் நுகர்பொருள் தலைப்பில் பணம் தீர்ந்துபோகும்.

விரல் முறை மலிவு, அம்மாக்களும் எளிதில் சம்மதிப்பார்கள். அதில் தவறு நேர்வதும் அதே அளவு எளிது. துளி வரவில்லையென்று விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும். முதல் இரண்டு துளிகளைத் துடைத்துவிட்டு, தானாகத் திரளும் அடுத்த துளியைத்தான் எடுக்க வேண்டும். ஸ்பிரிட் முழுக்கக் காயும்முன் குத்தினாலும் ரத்தம் நீர்த்துப்போகும். குவெட்டுக்குள் (துளியை ஏற்றி அளவிடும் கருவியில் வைக்கும் சிறு தகடு) காற்றுக்குமிழி இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள், மேலே இன்னொரு துளி சேர்க்காதீர்கள். சில வகைக் குவெட்டுகளுக்கு ஈரக்காற்று ஆகாது. நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் டப்பா மூடியைத் திறந்து வைத்தபடி வேலை செய்தால் மதியத்துக்குள் அளவு பிசகும். பெருமளவு கணக்கெடுப்புக்கு இந்த முறை போதும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு மருந்தின் பலனை அளக்கும் ஆய்வுக்குச் சிரை ரத்தம்தான் சரி.

அடுத்தது எத்தனை குழந்தைகள் என்பது. பாதிப்பு 50 சதவீதம் என்று வைத்து, 5 சதவீதப் பிழை வரம்பில் கணக்கிட்டால் 384 வரும். ஊர் ஊராகத் தேர்ந்தெடுப்பதால் அதை இரண்டால் பெருக்க வேண்டும்: 768. கேள்விக்குப் பதில் சொல்கிற வீடெல்லாம் ரத்தம் தராது. அதற்கு 15 சதவீதம் கழிவு வைத்தால் 904. 31 ஊர்கள், ஊருக்கு 30 குழந்தைகள் என்று எடுத்தால் 930 பேர் கிடைப்பார்கள். மறுப்புக்கு 5 சதவீதம் மட்டும் ஒதுக்கிய விண்ணப்பத்தைப் பார்த்தால், அதை எழுதியவர் களத்துக்குப் போனவரில்லை என்று மதிப்பீட்டுக் குழு புரிந்துகொள்ளும்.

குழந்தைகளின் பட்டியல் எங்கிருந்து எடுப்பது? அங்கன்வாடிப் பதிவேடு கையருகே இருக்கிறது என்பதற்காக அதோடு நிற்கக் கூடாது. தனியார் நர்சரிக்குப் போகும் குழந்தை, பாட்டி வீட்டில் வளரும் குழந்தை, செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போன குழந்தை யாரும் அதில் ஒழுங்காக இருக்க மாட்டார்கள். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டையும் சேர்த்து வைத்து, தெருத் தெருவாக ஒருமுறை நடந்து சரிபார்த்த பிறகே குலுக்கல் எடுக்க வேண்டும். ஒரு அங்கன்வாடியில் 30 குழந்தைகள் தேறாத ஊர்கள் நிறைய. அதனால் தேர்வு அலகு ஊராகவோ வார்டாகவோ இருக்கட்டும்.

நெறிமுறைக் குழுவில் காலதாமதம் பெரும்பாலும் விண்ணப்பத்தின் குறையால்தான் வருகிறது. உங்கள் கல்லூரியின் குழு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா, பதிவு காலாவதியாகவில்லையா என்று முதலில் பாருங்கள். ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி ஏழு வயதுக்குக் கீழ் பெற்றோர் சம்மதம் போதும். ஏழு முதல் 12 வயது வரை குழந்தையின் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் 18 வரை எழுத்து இசைவும் கூடுதலாக வேண்டும். மூத்த அண்ணன் அக்காவையும் ஆய்வில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இந்தப் படிவங்களை முதல் நாளே சமர்ப்பித்துவிடுங்கள். இடையில் சேர்த்தால் திருத்தத்துக்கு மறுபடி குழுக் கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

குழு நிச்சயம் கேட்பவை மூன்று: எவ்வளவு ரத்தம், ரத்தசோகை தெரிந்தால் யார் வைத்தியம் பார்ப்பது, ஏதாவது ஆகிவிட்டால் செலவு யாருடையது. ரத்த அளவுக்குக் கணக்கோடு பதில் தாருங்கள். பத்து கிலோ குழந்தையின் உடலில் சுமார் 800 மில்லி ரத்தம் இருக்கும். நாம் எடுக்கும் 4 மில்லி அதில் அரை சதவீதம். இதே கணக்கு அம்மாவிடம் எடுபடாது. இருமல் மருந்து மூடியில் இருக்கும் 5 மில்லிக் கோட்டைக் காட்டி, "இந்தக் கோட்டுக்கும் கீழதாம்மா" என்றால் புரியும். கைநாட்டு வைப்பவருக்கு ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி வேண்டும். அந்த அங்கன்வாடி டீச்சரையே சாட்சியாக்காதீர்கள். அவர் கேட்டால் மறுக்க முடியாது என்ற நிலையில் பல வீடுகள் இருக்கும்.

இரும்புச்சத்து சிரப் கொடுத்துப் பார்ப்பது போன்ற இடையீடு இருந்தால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவப் பரிசோதனைகளின் பதிவேடு) பதிவு, முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதியிட்ட பதிவை அவர்கள் ஏற்பதில்லை. பதிவில் நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதம் ஏற்றச் சொல்வார்கள், பிறகு கேள்விகள் அனுப்புவார்கள். கடிதத்தில் உள்ள தலைப்பும் பதிவில் உள்ள தலைப்பும் ஒரு சொல் மாறினாலும் திரும்பி வரும். துறை அனுமதிகளும் இரண்டு தனித் தனி. செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும் பொது சுகாதாரத் துறையின் கீழ், அங்கன்வாடி வேறு துறையின் கீழ். ஒன்றின் கடிதத்தைக் காட்டி மற்றதில் நுழைய முடியாது. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடுவது நல்லது.

களத்தில் நேரம் பார்த்துப் போக வேண்டும். நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் காலை ஒன்பதுக்கு மேல் அம்மாக்கள் இருக்க மாட்டார்கள். வெள்ளி, செவ்வாய், அமாவாசையில் ஊசி வேண்டாம் என்கிற வீடுகள் உண்டு. அட்டவணையிலேயே அதற்கு இடம் விட்டால் வீண் நடை மிச்சம். அப்பா வரட்டும் என்று சொன்னால் சரியென்று திரும்பி, சாயங்காலம் மறுபடி போங்கள். அம்மாவைத் தனியாக வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து மறுநாள் தெருவே மறுக்கும் நிலையைக் கொண்டுவரும். ரத்தத்தை எடுத்து விற்கிறார்கள் என்ற பேச்சு ஒரு தெருவில் கிளம்பிவிட்டால், முதலில் எடுத்த குழந்தைகளின் ரிசல்ட் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கும்வரை அது அடங்காது.

இனி ஊசி. பசியோடு இருக்கும் குழந்தையிடம் ஆரம்பிக்க வேண்டாம். மரப்பு களிம்பு பூசுவதானால் வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். குழந்தை வந்தவுடன் பூசிவிட்டு, கேள்விப்படிவத்தையும் எடை, உயரத்தையும் அந்த நேரத்தில் முடிக்கலாம். குழந்தை அம்மா மடியில், ஒரு உதவியாளர் முழங்கையைப் பிடிக்க, 23 கேஜ் பட்டர்ஃப்ளை ஊசி. இரண்டு முறை குத்தியும் கிடைக்காவிட்டால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். மூன்றாவது குத்து கிடையாது என்பதைச் செயல்முறையிலேயே எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் எண்ணிக்கை முடிக்கும் அவசரத்தில் யாராவது குத்துவார்கள்.

சிரையிலிருந்து எடுக்கும்போது சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) டியூப் முதலில், உறையாமல் தடுக்கும் மருந்துள்ள, ஊதா மூடி போட்ட ஈடிடிஏ டியூப் அடுத்து. ஈடிடிஏ கொஞ்சம் சீரத்தில் கலந்தாலும் சில உயிர்வேதி அளவுகள் கெடும். விரலிலிருந்து சேகரித்தால் வரிசை தலைகீழ், ஏனென்றால் அங்கே ரத்தம் சீக்கிரம் உறையத் தொடங்கும். ஈடிடிஏ டியூபைக் குறித்த கோடுவரை நிரப்பி, மெதுவாக எட்டுப் பத்து முறை தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். குலுக்கினால் செல்கள் உடையும். குறைவாக நிரப்பினால் மருந்து மிகுந்து செல்கள் சுருங்கும், அதிகமாக நிரப்பினால் கட்டி தட்டும். சிரிஞ்சிலிருந்து மாற்றும்போது ஊசியைக் கழற்றாமல் அழுத்தித் தள்ளுவதுதான் செல்கள் உடைவதற்குப் பழகிப்போன காரணம். லேபிள் டியூபில் ஒட்டப்படுவது ஊசி குத்துவதற்கு முன். பால்பாயிண்ட் எழுத்து ஸ்பிரிட் பட்டால் அழிந்துவிடும் என்பதால் அச்சடித்த பார்கோடுதான் நம்பகம்.

சீரம் டியூபை நேராக ஐஸில் வைக்காதீர்கள். அறை வெப்பத்தில் நிமிர்த்தி அரை மணி நேரம் நின்று உறைந்த பிறகே குளிர்பெட்டி. உறையும் முன் குளிர்ந்தால் சீரத்தில் நூல் நூலாக ஃபைப்ரின் தங்கி, இயந்திரத்தின் ஊசியை அடைக்கும். பெட்டிக்குத் தடுப்பூசி போடுகிறவர்கள் செய்வதையே செய்யலாம். உறைந்த ஐஸ் பேக்கை வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து அடுக்க வேண்டும். டியூப் பனிக்கட்டியைத் தொட்டால் ரத்தம் உறைநிலைக்குப் போய் செல்கள் உடைந்துவிடும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருப்பதைக் காட்டும் வெப்பமானி பெட்டிக்குள் இருக்கட்டும். ஹீமோகுளோபினை அன்றைக்கே இயந்திரத்தில் ஓட்டுவது நல்லது. மாவட்டத்தின் கடைக்கோடி ஊரிலிருந்து சாயங்காலத்துக்குள் ஆய்வகம் வர முடியுமா என்பதே ஒரு நாளைக்கு எத்தனை குழந்தை என்பதைத் தீர்மானிக்கிறது.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினுக்கு அவசரமில்லை. பிரித்த சீரத்தை இரண்டு சிறு குப்பிகளாக்கி மைனஸ் 80 டிகிரியில் வைத்து, எல்லா ஊரும் முடிந்த பிறகு ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதி) வந்த பரிசோதனை கிட்டில் ஓட்டினால், மாதத்துக்கு ஒரு கிட் மாறும் பிரச்சினை இல்லை. ஒரே குப்பியை உருக்கி உறையவைத்து உருக்கினால் அளவு நம்ப முடியாததாகும், இரண்டு குப்பி அதற்குத்தான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. ஆனால் சளி, காய்ச்சல் இருந்தால் ஃபெரிட்டின் தானாக ஏறும், அப்போது எல்லை 30. ஆகவே உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி பரிசோதனைக்கும் பணம் ஒதுக்காமல் ஃபெரிட்டின் மட்டும் செய்வது பாதி வேலை. செல் சிறுத்து, ஃபெரிட்டின் சரியாக இருந்தால் தலசீமியா (பரம்பரை ரத்தக் கோளாறு) கூறைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு சிரப் கொடுத்துப் பயனில்லை.

ரத்தசோகை என்று தீர்மானிக்கும் ஹீமோகுளோபின் எல்லையும் மாறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் 6–23 மாதக் குழந்தைகளுக்கு எல்லையை டெசிலிட்டருக்கு 11 கிராமிலிருந்து 10.5ஆகக் குறைத்தது. 24–59 மாதத்துக்கு 11 அப்படியே இருக்கிறது. எந்த எல்லை என்பதை ஆய்வு தொடங்கும் முன் எழுதி வையுங்கள், முடிவு பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது அழகல்ல. இந்த மாற்றத்தால் பிறந்த தேதியும் முக்கியமாகிவிட்டது. பிறந்த தேதி எழுதிய அட்டை தொலைந்த வீட்டில் "ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பிறந்தான்" என்பார்கள். ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வரும் என்று மாற்றிக்கொள்ளும் ஒரு தமிழ் மாத அட்டவணை கையில் இருக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து நீளம், அதற்கு மேல் நிறுத்தி உயரம். மாற்றி அளந்தால் 0.7 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். வாரம் ஒருமுறை அளவுகளின் கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். பூஜ்யமும் ஐந்தும் குவிந்திருந்தால் யாரோ குத்துமதிப்பாக எழுதுகிறார்கள்.

ஹீமோகுளோபின் ஏழு கிராமுக்குக் கீழ் வந்த குழந்தைக்கு அன்றைக்கே போன் போய், மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ள மற்றவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு தினம் 3 மில்லிகிராம் இரும்பு. மில்லிக்கு 20 மில்லிகிராம் உள்ள அரசு சிரப்பில் பத்து கிலோ குழந்தைக்கு 1.5 மில்லி. பாலோடு, டீயோடு கொடுக்கக் கூடாது. மலம் கறுத்துப் போகும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே பாட்டில் பரணுக்குப் போய்விடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தனை பாட்டில் இருக்கிறதா என்று ஆய்வு தொடங்கும் முன்பே மருந்தாளுநரிடம் கேளுங்கள். நோயைச் சொல்லிவிட்டு மருந்தில்லை என்று கைவிரித்தால் அடுத்த ஊரில் கதவு திறக்காது.

கணக்கு விஷயம் சுருக்கமாக. நிதி பிஎஃப்எம்எஸ் (அரசின் பொது நிதி மேலாண்மை இணைய அமைப்பு) வழியாகத் தவணையாக வரும், கருவித் தலைப்புப் பணத்தை அனுமதியின்றி சம்பளத்துக்கு மாற்ற முடியாது. இருப்பில் சேர்ந்த வட்டி உங்களுடையதல்ல, திருப்பிக் கட்ட வேண்டும். ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை நகராது. அது தாமதமானால் முதலில் அடிபடுவது களப்பணியாளர் சம்பளம். பழகிய செவிலியர் ஒருவர் வேலையை விட்டால், அவர் போன தெருக்களின் நம்பிக்கையும் கூடவே போகும். மார்ச் மாதத்துக்கு முன்பே கணக்குப் பிரிவோடு உட்காருங்கள்.

மீந்த சீரத்தைப் பற்றி சம்மதப் படிவத்திலேயே தனிக் கட்டம் இருந்திருக்க வேண்டும்: பிற்கால ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா. டிக் இல்லாத குழந்தையின் குப்பியை, அது எவ்வளவு அருமையான மாதிரியாக இருந்தாலும், ஆய்வு முடிந்ததும் பதிவேட்டில் குறித்து மருத்துவக் கழிவாக அப்புறப்படுத்திவிட வேண்டும்.