பிராசஸர் மைக்கை நாமே காதில் வைத்துக் கேட்பது: எங்கள் அனுபவம்

எங்கள் மகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் செய்தோம். காது கேளாத பிள்ளைகளுக்கு உள்காதில் எலெக்ட்ரோடு என்ற மெல்லிய மின்கம்பியை வைப்பார்கள்; வெளியே மாட்டும் பிராசஸர் தன் மைக்கில் சத்தத்தை வாங்கி அதற்கு அனுப்பும். ஆபரேஷன், கருவியை முதன்முதலாக இயக்கும் சுவிட்ச் ஆன், குழந்தைக்கு ஏற்றபடி பிராசஸரின் அளவுகளை (அதுதான் 'மேப்') அமைக்கும் மேப்பிங், கேட்டுப் பேசப் பழக்கும் ஏவிடி வகுப்பு என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பேச்சும் வந்தது. அப்புறம் ஒரு கோடையில் 'ஸ்' சத்தம் மட்டும் மெல்ல நழுவ ஆரம்பித்தது. பஸ் வெறும் 'ப' ஆனது. பிஸ்கட் 'பிக்கட்' ஆனது. பின்னாலிருந்து "பசிக்குதா?" என்று கேட்டால், படப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து மடியில் உட்காருவாள். படிக்கச் சொல்வதாக அவளுக்குக் கேட்டிருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு காரணம். பல் விழப்போகிறது, அதனால்தான் என்றார் என் மாமியார். மேப் மாறிவிட்டது என்றார் கணவர். ஏவிடி டீச்சர்தான் நேரே விஷயத்துக்கு வந்தார்: "மேப்பிங்குக்கு ஓடாதீங்கம்மா. முதல்ல மைக்கைக் கேட்டுப் பாருங்க."

பிராசஸரில் எரியும் விளக்கை நம்பித்தான் பெரும்பாலான வீடுகளில் காலை தொடங்குகிறது. பேட்டரி இருக்கிறதா, தலையில் காந்தத்தால் ஒட்டும் வட்டமான 'காயில்' (கம்பிச் சுருள்) சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை விளக்கு சொல்லும். சில மாடல்களில் சத்தம் உள்ளே போனால் சிமிட்டும். ஆனால் மைக் பாதி அடைத்திருந்தாலும் அது சிமிட்டிக்கொண்டுதான் இருக்கும். குழந்தையும் சொல்லாது. இந்தக் கருவி வழியாக மட்டுமே கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, சத்தம் மங்கிவிட்டது என்று எப்படித் தெரியும்?

மைக் வாங்கும் சத்தத்தை நாமே கேட்டுப் பார்க்க மானிட்டர் இயர்போன் இருக்கிறது. சில மாடல்களில் நேராகப் பிராசஸரில் செருகலாம், சிலவற்றில் சின்னதாக ஒரு சோதனைக் கருவியில் பிராசஸரை மாட்டி அதில் செருக வேண்டும். உங்கள் மாடலுக்கு எது என்று ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) கேட்டால் காட்டித் தருவார். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: நமக்குக் கேட்பது குழந்தைக்குக் கேட்பது அல்ல. அவளுக்குப் போவது எலெக்ட்ரோடு வழியாகப் போகும் மின்துடிப்பு. மைக் வாங்கும் சத்தம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும்தான் இயர்போன் காட்டும். காயிலோ கேபிளோ கெட்டிருந்தால் இதில் தெரியாது.

ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நான் இயர்போனை மாட்டினேன். கணவர் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று சொன்னார். லிங் சத்தங்கள் என்று வகுப்பில் சொல்வார்களே, அந்த ஆறுதான். 'ம்', 'ஊ' தாழ்ந்த சத்தம், 'ஸ்' மிக உயர்ந்தது. பேச்சின் முழு வரம்பும் இந்த ஆறுக்குள் வந்துவிடும். நாமே பேசி நாமே கேட்டால் சொந்தக் குரல் எலும்பு வழியாகவும் கேட்டு ஏமாற்றிவிடும், அதனால் இன்னொருவர் பேசுவதுதான் நல்லது. ஆ, ஈ, ஊ, ம் எல்லாம் கணீரென்று வந்தன. 'ஷ்' போர்வைக்குள்ளிருந்து வந்தது. 'ஸ்' அநேகமாக இல்லை.

மைக் கவரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரம் முழுக்க வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. எண்ணெயில் குழைந்த பவுடர்! மதுரை வெயிலுக்குக் குளித்ததும் கழுத்து, காதோரம் எல்லாம் பவுடர் போடுவதும், தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வைப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். கூடவே வியர்வை. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தக் கவரும் தாங்காது. 3 மாதத்துக்கு ஒருமுறை கவர் மாற்றச் சொல்வார்கள். நம் ஊர் கோடையில் அதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. ஊசியால் குத்துவது, ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது எல்லாம் வேண்டாம். மேலே படிந்த தூசிக்கு உலர்ந்த மென்மையான பிரஷ் போதும்.

புதுக் கவர் போட்டதும் 'ஸ்' வந்துவிட்டது. ஆனால் பிராசஸரை லேசாகத் தொட்டால் கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு நொடி மௌனம். ஈரமாக இருக்குமோ என்று, இரவெல்லாம் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்து எடுத்தும் போகவில்லை. சர்வீஸுக்குத்தான் போயாக வேண்டும்.

அங்கே இருந்தவர் பிராசஸரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "லைட் எரியுதுல்ல மேடம், மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார். வாதாடவில்லை. இயர்போனை அவர் காதில் கொடுத்து, பிராசஸரை விரலால் லேசாக அசைத்தேன். முகம் மாறியது. உள்ளே கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு, இரண்டு மைக்கில் பின்பக்கம் இருப்பது போய்விட்டது என்றார்கள். வாரண்டி அட்டையும் சீரியல் எண்ணும் கையில் இருந்ததால் பேச்சு சீக்கிரம் முடிந்தது. சரிசெய்து வரும்வரை தற்காலிகமாக ஒன்று தரச் சொல்லிக் கேளுங்கள், தாமாகச் சொல்ல மாட்டார்கள். அதில் குழந்தையின் மேப்பை ஆடியாலஜிஸ்ட் ஏற்றிய பிறகுதான் மாட்ட வேண்டும். அவசரத்துக்கு இன்னொரு குழந்தையின் பிராசஸரை மாட்டிப் பார்ப்பது கூடவே கூடாது.

சரியாகி வந்த அன்றே இயர்போனில் நிதானமாகக் கேட்டு வைத்துக்கொண்டேன். நன்றாக இருக்கும்போது எப்படிக் கேட்கும் என்று தெரிந்தால்தான் கெட்டுப்போவது தெரியும். இப்போது வாரம் ஒருமுறை இயர்போன், தினமும் காலையில் அவளோடு அந்த ஆறு சத்தம். பக்கத்தில் உட்கார்ந்து, வாய் தெரியாமல் சொல்ல வேண்டும். வாயைக் கையால் பொத்தினால் சத்தமே மாறிவிடும். கேட்டதும் அவள் டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போடுவாள். சத்தங்களுக்கு நடுவில் இடைவெளியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கேட்காமலே போட்டுவிடுவாள். வாண்டு!

என் மாமியாரும் செய்வார். ஆனால் அவர் 'ஸ்' என்பதை 'ஸு' என்று நீட்டுவார். குழந்தை அந்த உகரத்தைக் கேட்டுக் கொட்டையைப் போட்டுவிடும். "அத்தை, வெறும் காத்து மட்டும் விடுங்க, பாம்பு சீறுற மாதிரி" என்று சொல்லிக் கொடுத்தேன். பவுடரும் எண்ணெயும் நிற்கவில்லை. பிராசஸரை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று மட்டும் பேசி முடித்திருக்கிறோம்.