மிளகு, சீரகம், நாலு காடை

ஏப்ரல் 28
மிளகும் சீரகமும் என் இரண்டு ஃபெர்ரெட்கள், கீரி மாதிரி கறி தின்கிற வளர்ப்புப் பிராணிகள். மிளகு இன்றைக்கும் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டான். இதுகளுக்குப் போடுகிற பூனைத் தீனி அறை முழுக்க. பாக்கெட்டின் பின்பக்கத்தை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன்: கோழி மாவு, அதற்கு அடுத்ததே சோளம். ஃபெர்ரெட் குடலில் போனது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதில் சோளம் எங்கே செரிக்க?

ஏப்ரல் 30
முழு இரை. இரண்டு நாளாக மண்டைக்குள் இதுதான். எலி, காடை, ஒருநாள் கோழிக்குஞ்சு; ரோமம், எலும்பு, ஈரல், குடல் எல்லாம் சேர்த்து. வெறும் கறி மட்டும் என்றால் கால்சியம் போதாது. ஈரலை அள்ளிப் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சும். முழுசாகக் கொடுத்தால் இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

அம்மாவிடம் சொன்னேன். ஞாயிறுதோறும் கோழி அடிக்கிற வீடு இது. "கறின்னா கொண்டா. இறகோட பொணத்தை என் ஃப்ரீசர்ல வைக்காதே."

மே 2
அப்பாவுக்கு மூன்றாவது கீமோ ஊசி. மோர் மட்டும் இறங்குகிறது.

மே 4
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வீட்டில் இருப்பது ஒரே ஏசி அறை. கட்டிலில் அப்பா, மூலையில் கூண்டு. இதுகளுக்கு வியர்க்காது, முப்பது டிகிரி தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. நான் அப்பாவுக்கு விசிற, அவர் கூண்டைக் காட்டி, "முதல்ல அதுங்களுக்கு வீசு" என்றார். ஈரத்துண்டு போட்டேன். நாற்பது நிமிடம்.

மே 5
ஒருநாள் குஞ்சு வேண்டாம் என்று முடிவு. முட்டைக்கோழி இனத்தில் சேவல் குஞ்சால் பொரிப்பகத்துக்குப் பயனில்லை, எப்படியும் கழித்துவிடுகிறார்கள், அதைத்தான் தீனியாக்குகிறார்கள். எல்லாம் புரிகிறது. ஆனால் மூன்றாம் வகுப்பில் என்னிடம் ரோஸ் கலர் குஞ்சு ஒன்று இருந்தது. தெருவில் அட்டைப்பெட்டியில் வைத்து விற்பார்களே, அது. சாயம் போவதற்குள் செத்துவிட்டது. காடை என்றால் மட்டும் மனசு ஏன் ஒத்துக்கொள்கிறது?

மே 7
கறிக்கடை. "நாலு காடை பாய். உரிக்காதீங்க, குடல் எடுக்காதீங்க, தலையும் இருக்கட்டும்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, மந்திரிக்கவா?"

"வீட்ல ஃபெர்ரெட் இருக்கு பாய்."

"அது என்னது?"

"கீரி மாதிரி."

அறுத்து அப்படியே கொடுத்தார். கவர் கை சூட்டில் இருந்தது. மூன்றைப் புதினாக் கவருக்குள் சுருட்டி ஃப்ரீசரின் அடியில் தள்ளினேன். அம்மா பார்க்கவில்லை.

மே 8
சீரகம் மோந்து பார்த்தாள், தும்மினாள், ஊஞ்சலில் ஏறிப் படுத்துவிட்டாள். மூன்று வயது. எது சாப்பாடு என்பது குட்டியாக இருக்கும்போதே மூக்கில் பதிந்துவிடுகிறது, இவளுக்குப் பதிந்தது பாக்கெட் வாசனை. மிளகு அப்படி இல்லை. காடையைக் கழுத்தோடு கவ்விப் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனான். எலும்பு நொறுங்கும் சத்தம், சின்னதாக, முறுக்கு கடிப்பது போல. அப்பா தலையணையைச் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாளில் முதல் சிரிப்பு.

மே 10
நாற்றம். கட்டிலுக்கு அடியில், அப்பாவின் பழைய செருப்புக்குள், ஒரு கால், கொஞ்சம் இறகு. மிச்சத்தைப் பதுக்கி வைப்பது அவன் பிறவிக்குணம், தெரிந்தும் தேடாமல் விட்டேன். அப்பா தலை வைத்துப் படுக்கும் இடத்திலிருந்து இரண்டடி. பச்சைக் கறியில் இருக்கும் சால்மோனெல்லா கிருமி ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது. டெட்டால் ஊற்றி மூன்று முறை துடைத்தேன். கை இன்னும் நாறுகிறது. முட்டாள். முட்டாள்.

மே 11
மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் ஃபோனில், "அப்பாவுக்கு ட்ரீட்மென்ட் நடக்கறப்ப பச்சையா எதுவும் வேண்டாம்மா." வேகவைத்துக் கொடுக்கட்டுமா? எலும்பு வெந்தால் ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். சரி, எலும்பை எடுத்துவிட்டால்? மறுபடி கால்சியக் கணக்கு. கடைசியில் புரதம் கூடுதலாக உள்ள வேறு தீனி.

மே 13
அப்பாவின் வெள்ளை அணு கவுன்ட் 2100. காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லை.

மே 17
மிளகு தினமும் கட்டிலுக்கு அடியில் போய், செருப்பு இருந்த இடத்தை மோந்துவிட்டு வருகிறான். "ருசி கண்டுட்டான்" என்கிறார் அப்பா. அவருக்கே எதுவும் ருசிக்கவில்லை.

மே 22
நாளை நான்காவது ஊசி, கவுன்ட் ஏறியிருந்தால். அம்மா ஃப்ரீசரைச் சுத்தம் பண்ணப் போவதாகச் சொல்கிறாள்.